பெரியவர் தினம் ஐந்து முறை கூப்பிடுகிறார்

எங்கள் ஊரில் கடவுளின் பெயரைச் சொல்ல முடியாத ஒரே பெண் ஜிபார்தான். சாமி இல்லை என்கிற கூட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். அவளுடைய மாமனார் பெயர் அப்படி.

எங்கள் பேச்சில் கடவுளுக்குக் குதாய் என்று பெயர். ஜிபாரின் மாமனார் குதாய்பெர்கென், அதாவது கடவுள் கொடுத்தவர். மருமகள் மாமனாரின் பெயரைச் சொல்லக்கூடாது. அந்தப் பெயருக்குள் ஒளிந்திருக்கிற சொல்லையும் வேறு எந்தக் காரியத்துக்கும் வாயில் எடுக்கக்கூடாது. என் மாமனார் பெயரில் ஒரு 'கல்' இருந்தது. நாற்பத்து நான்கு வருஷமாக நான் கல்லைக் 'கெட்டியானது' என்றுதான் சொல்லி வருகிறேன். சிறுநீரகத்தில் கல் வந்தபோது டாக்டரிடம், "எனக்குள்ளே கெட்டியா ஒண்ணு இருக்கு, வலிக்குது, வெளியே வரமாட்டேங்குது" என்றேன். அவர் என்னைப் பிரசவ வார்டுக்கு அனுப்பிவிட்டார், ஐம்பத்தெட்டு வயதில். அங்கே இரண்டு நாள் நன்றாகக் கவனித்தார்கள்.

குதாய் வேண்டாம், அல்லா என்று சொல்லிவிட்டுப் போகட்டுமே என்பீர்கள். மாமனாரின் அப்பா பெயர் அல்லாபெர்தி. அவருடைய அண்ணன் தெங்கிர்பெர்தி. தெங்கிர் என்பதும் இங்கே பழங்காலத்திலிருந்து கடவுள்தான். பக்தி மிகுந்த குடும்பம். கடவுளின் பெயர்களை எல்லாம் வீட்டு ஆண்களே எடுத்துக்கொண்டு, மருமகளுக்கு ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை. தொழுகையில் அரபியில் வருவதற்குக் குற்றமில்லை என்று இமாம் சொல்லியிருக்கிறார். அதைக்கூட ஜிபார் மாமனாரின் அறைப்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் முணுமுணுப்பாள்.

மாமியார் கண்ணை மூடுவதற்கு முன்னால் அவளுக்கு ஒரே ஒரு சொல்லைக் கொடுத்துவிட்டுப் போனாள்: பெரியவர். மாமனாரும் பெரியவர். கடவுளும் பெரியவர். பன்னிரண்டு வருஷமாக இதில் ஒரு குழப்பமும் வந்ததில்லை. "பெரியவர் மழை குடுத்தார்" என்றால் யார் என்று ஊருக்குத் தெரியும். "பெரியவர் சாக்ஸைத் தேடுறார்" என்றாலும் தெரியும். "பெரியவர் கோவமா இருக்கார்" என்றால் மட்டும் வெளியே போய் வானத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்வோம்.

நான் ஜூரா. இந்தப் பள்ளத்தாக்கின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்து, காதில் கருவியை மாட்டிக்கொண்டு, ஊரை ஊரோடு இணைத்தவள். இணைத்த பிறகு கருவியைக் கழற்ற வேண்டும் என்பது விதி. எனக்கு மறதி ஜாஸ்தி. இங்கே நான் கேட்காத ரகசியம் கடவுளிடம் மட்டும்தான் இருந்தது, அதுவும் அவர் டிரங்க் கால் போடாத காரணத்தால். செல்போன் வந்தது, எக்ஸ்சேஞ்சுக்குப் பூட்டுப் போட்டார்கள், என்னை ஒரு பூங்கொத்தோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றிலிருந்து கருவி இல்லாமலே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

குதாய்பெர்கெனுக்கு ஒரு தம்பி உண்டு. குதாய்நசார். ஜிபார் அவரைச் சின்னவர் என்பாள். அண்ணன் வீடு மேலத்தெருவில், மலையை ஒட்டி. தம்பி வீடு கீழத்தெருவில், நாரின் ஆற்றை ஒட்டி. நடுவே நானூறு அடி தூரம், ஒரு வாய்க்கால், பதினோரு வருஷ மௌனம்.

காரணம் ஒரு ஆட்டெலும்பு.

நசாரின் மகள் கல்யாணம். எங்கள் விருந்தில் இறைச்சியை அள்ளிப் போட்டுவிட்டுப் போக முடியாது. இன்ன வயதுக்கு இன்ன எலும்பு, இன்ன உறவுக்கு இன்ன எலும்பு. பந்தியில் மூத்தவருக்கு இடுப்பெலும்பு. அன்றைக்குப் பரிமாறிய அவசரத்தில் இடுப்பெலும்பு சம்பந்தி வீட்டோடு வந்த ஒரு மாட்டு டாக்டருக்குப் போய்விட்டது. அண்ணன் தட்டில் கால் எலும்பு. குதாய்பெர்கென் அதைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். பிறகு எலும்பைத் 'திருப்பி வைத்தார்'. இது அவர் சொல்வது. நசார் சொல்வது 'எறிந்தார்'. வைத்த இடத்துக்கும் அவர் உட்கார்ந்திருந்த இடத்துக்கும் இருபது அடி இருக்கும். போகிற வழியில் அந்த எலும்பு நசாரின் தொப்பியையும் கூட்டிக்கொண்டு போனது. அது சுவரில் மோதிய சத்தத்துக்கு ஆற்றின் அக்கரையில் குதிரைகள் மிரண்டன. மணமகனின் பாட்டனாருக்கு ஏழு வருஷமாக அடைத்திருந்த காது திறந்துகொண்டது. நான் சொல்வதில் பாதியைக் கழித்துக்கொள்ளலாம், ஆனால் அந்தத் தொப்பியை நான் கண்ணால் பார்த்தேன்.

அதோடு முடிந்தது பேச்சு. ஒருவர் மேலத்தெரு வழியாகச் சந்தைக்குப் போனால் மற்றவர் ஆற்றோரமாகப் போனார்.

இந்த வருஷம் வசந்தத்தில், ஒன்பது வருஷம் வரிசையில் காத்திருந்த குதாய்பெர்கெனுக்கு ஹஜ் போக இடம் கிடைத்தது. ஊரே வந்து வாழ்த்தியது. இமாமும் வந்தார். இளம் வயது, மெல்லிய குரல், விட்டுக்கொடுக்காத ஆள்.

"ஹஜ்ஜுக்குப் போறவங்க, எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் கிளம்பணும், அண்ணே" என்றார் இமாம்.

"எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன். நாய்கிட்டகூடக் கேட்டாச்சு. போன குளிர்ல ஒரு உதை விட்டிருந்தேன்."

"தம்பிகிட்ட?"

குதாய்பெர்கெனுக்குக் காது மந்தம்; மாட்டியிருந்த காதுக் கருவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "என்ன சொன்னீங்க?"

"தம்பிகிட்ட கேட்டாச்சா? கூடப் பிறந்தவனோட முகம் குடுத்துப் பேசாம அங்கே போனா, ஊர் சுத்திப் பார்த்துட்டு வந்த மாதிரிதான். ஹாஜின்னு நான் கூப்பிட மாட்டேன். வழியனுப்பத் துவாவும் ஓத மாட்டேன்."

ஹஜ் பஸ் கிளம்பப் பன்னிரண்டு நாள் இருந்தது.

எழுபத்திரண்டு வயது மனிதருக்கு இது சாதாரணமா? ஒன்பது வருஷக் காத்திருப்பு. திரும்பி வந்தபின் ஊர் முழுக்க 'ஹாஜி' என்று கூப்பிடப்போகிற சுகம். இதெல்லாம் ஒரு தம்பியின் வாசற்படியில் மாட்டிக்கொண்டுவிட்டது. போய்விட்டு வர நானூறு அடிதான். ஆனால் அவர் மூத்தவர். எங்கள் பக்கம் இளையவன்தான் மூத்தவரைத் தேடி வர வேண்டும். நசாரோ, எறிந்தவர்தான் கூப்பிட வேண்டும் என்றார். இரண்டும் நியாயம். நியாயம் இரண்டு பக்கமும் இருந்தால் ஒரு அடிகூட நகராது.

குதாய்பெர்கென் ஒரு முடிவுக்கு வந்தார். கடவுளே சொல்லட்டும். சொன்னால் போகலாம். அன்றிலிருந்து ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் போய்ப் பார்த்தபோது கண்ணை மூடிக்கொண்டிருந்தார். காதுக் கருவி கழற்றிச் சர்க்கரைக் கிண்ணத்தில் கிடந்தது.

"என்ன செய்யறீங்க?" என்று கத்தினேன்.

"கடவுள் பேசறதைக் கேட்டுட்டிருக்கேன்."

"மெஷினைக் கழட்டி வெச்சுட்டா?"

"அதை மாட்டினா மருமக பாத்திரம் கழுவறது கேக்குது, கோழி கேக்குது, நீ பேசறது கேக்குது. இத்தனை சத்தத்துல அவர் பேசினா எப்படிக் கேக்கும்?"

"ஏதாவது சொன்னாரா?"

"இன்னும் இல்ல. ஆனா சொல்லுவார். எனக்குத் தெரியும், அவருக்கு என் மேல தனிப் பிரியம்."

ஜிபார் தேநீர்க் கிண்ணத்தை வைத்துவிட்டு, "பெரியவர் பேசாம பெரியவர் காது குடுக்க மாட்டாராம், பெரியவர் காது குடுக்காம பெரியவர் எப்படிப் பேசறது?" என்று என்னிடம் முணுமுணுத்தாள். எனக்குப் புரிந்தது. பழக்கமில்லாதவர்கள் இரண்டு முறை படித்துக்கொள்ளுங்கள்.

கிளம்ப ஆறு நாள் இருக்கும்போது பெண்களுக்காக இமாம் தொழுகையைப் பற்றிப் பேசினார். ஜிபார் போயிருந்தாள். எனக்கு முட்டுவலி, போகவில்லை. அங்கிருந்து அவள் நேராக நசார் வீட்டுக்கு வந்தாள். வழியனுப்பும் விருந்துக்குத் தேநீர் கொதிக்க வைக்கப் பெரிய சமோவார் இரவல் வேண்டும். ஆண்கள் பேசாவிட்டால் என்ன, இரண்டு வீட்டுப் பாத்திரங்களும் பதினோரு வருஷமாகப் போய் வந்துகொண்டுதான் இருந்தன. நான் அங்கே ஏற்கெனவே மூன்றாவது கிண்ணத்தில் இருந்தேன். நசாரின் மனைவி சோனுன் தேநீர் ஊற்றினாள். நசார் பக்கத்து அறையில் சேணத்தைத் தைத்துக்கொண்டிருந்தார். நடுவே கதவில்லை, ஒரு திரை.

"இமாம் என்னடி சொன்னார்?" என்றாள் சோனுன். ஜிபார் இப்படிச் சொன்னாள். ஒரு எழுத்து மாற்றவில்லை. இந்த மாதிரி விஷயத்தில் என் காது பொய் சொல்லாது.

"அழுதுட்டேன், அத்தை. பெரியவர் நம்ம மேல கோவமாவே இருக்கார்னு நினைச்சிட்டிருக்கோம்ல? இல்லவே இல்லையாம். கோவம் எப்பவோ போயிடுச்சாம். நம்மகூடச் சேரணும்னு அவர்தான் தவிச்சுக்கிட்டிருக்காராம்."

"அப்படியா சொன்னார்?"

"தினமும் அஞ்சு தடவை கூப்பிடறாராம், அத்தை. ஒரு நாள் விடறதில்ல. மழை, பனி, எதுவானாலும் அஞ்சு தடவை. நாமதான் எடுக்கறதில்ல. வேலை இருக்கு, அப்புறம் பாத்துக்கலாம்னு இருந்துடறோம். அவர் சலிச்சுக்கறதே இல்லையாம். நாளைக்கு எடுப்பான்னு மறுபடியும் கூப்பிடுவாராம்."

திரைக்குப் பின்னால் ஊசி நின்றது.

"நம்ம வாசல்வரைக்கும் வந்து நின்னுட்டுப் போறாராம். எத்தனை தடவைன்னு அவருக்கே கணக்கு இல்லையாம்."

திரைக்குப் பின்னால் ஒரு இருமல். அது இருமல் இல்லை.

நான் கிண்ணத்தை மெதுவாகக் கீழே வைத்தேன். முப்பத்தொரு வருஷத்தில் எத்தனையோ தப்பான இணைப்புகளைப் பார்த்திருக்கிறேன். தலைநகர் பிஷ்கெக்கில் மந்திரிக்குப் போட்ட கால் ஒரு தடவை கசாப்புக் கடைக்குப் போய், இருவரும் அரை மணி நேரம் திருப்தியாகப் பேசினார்கள். ஆனால் இவ்வளவு அழகான தப்பு இணைப்பை என் கையால்கூடப் போட்டதில்லை.

மறுநாள் காலையில் நசார் என் வீட்டு வாசலில். அறுபத்தாறு வயது. மீசை ஈரமாக இருந்தது.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். எங்க வீட்டுப் பழைய லைன் ரெண்டு-பதினாலு, அது எப்போ செத்துச்சு?"

"கம்பத்தை அந்தக் காளை சாய்ச்சுச்சே, அந்த வருஷம்தான். பத்து வருஷம் ஆச்சு. கம்பியை யாரோ அறுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. ஏன்?"

"ஆனா அந்தப் பக்கம் ஒருத்தர் நம்பரைப் போட்டா, அவருக்கு மணி அடிக்கிற மாதிரி கேக்குமா?"

"கேக்கும்டா தம்பி" என்றேன். "சில சமயம் கேக்கும். அவர் பாட்டுக்குக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கலாம்."

நான் பொய் சொல்லவில்லை. எங்கள் எக்ஸ்சேஞ்சில் எதுவும் கேட்கும்.

அவர் என் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். "என் செல் நம்பர் அண்ணனுக்குத் தெரியாது. அவருக்குத் தெரிஞ்சது ரெண்டு-பதினாலு மட்டும்தான். அந்த டெலிபோனை இன்னும் வெச்சிருக்கேன், அக்கா. சோனுன் மேல பூத்துணி போட்டு மூடி வெச்சிருக்கா. அது பக்கத்துலதான் உக்காந்து சாப்பிடறேன். ஒரு நாளைக்கு அஞ்சு தடவை..." பிறகு திடீரென்று நிமிர்ந்தார். "இரு, இரு. சண்டை போட்டு பதினோரு வருஷம். லைன் செத்துப் பத்து வருஷம். முதல் வருஷம் நல்லாத்தானே இருந்துச்சு? அப்போ ஏன் ஒரு தடவைகூட அடிக்கல?"

கெட்டிக்காரன்.

"முதல் வருஷம் கோவமா இருந்திருப்பாரு" என்றேன். "யாருக்குத்தான் உடனே ஆறும்? நீ என்ன, அடுத்த நாளே ஓடிப்போயிட்டியா?"

"அதுவும் சரிதான்" என்றார், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

அவர் போனதும் எனக்குக் கொஞ்சம் பயம் வந்துவிட்டது. ஜிபாரை வாய்க்கால் பக்கம் பிடித்து விஷயத்தைச் சொன்னேன். அவள் வாளியைக் கீழே போட்டாள்.

"ஐயோ! நான் அந்தப் பெரியவரையா சொன்னேன்? அக்கா, பஸ் ஏறற அன்னைக்கு இது தெரிஞ்சா என்ன ஆகும்? சின்னவர் ஏமாந்துபோயிட்டோம்னு நினைப்பார். பெரியவர் ஹஜ்ஜே நின்னுபோயிடும். என்னைத் தொலைச்சுடுவாங்க ரெண்டு பேரும்."

"அப்போ போய்ச் சொல்லு, நான் குதாயைச் சொன்னேன்னு."

"நீங்க சொல்லலாம். நான் எப்படிச் சொல்றது?"

"அப்போ நானே சொல்றேன்."

"வேணாம். என் வாயால போனது, என் வாயாலதான் சரியாகணும்" என்று வீம்பாகக் கிளம்பினாள். வேடிக்கை பார்க்க நானும் பின்னாலேயே போனேன். முட்டுவலி அன்றைக்கு எங்கே போனதென்று தெரியவில்லை.

நசார் முற்றத்தில் ஒரு கொழுத்த செம்மறியின் முதுகைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சின்னவரே, நேத்து நான் சொன்னது... பெரியவர் கூப்பிடறார்னு சொன்னேனே..."

"எல்லாம் கேட்டேன்மா. நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

"இல்ல, அது நீங்க நினைக்கிற பெரியவர் இல்ல. அது வந்து... பெரிய பெரியவர்!"

"எனக்கும் அவர் பெரிய பெரியவர்தான்மா. அப்பா போனதுக்கு அப்புறம் எனக்கு வேற யாரு?"

ஜிபார் கையைப் பிசைந்தாள். கடைசியில் தலையை மேலே தூக்கி, கையையும் மேலே காட்டி, "நான் சொன்னது மேல இருக்கிற பெரியவர்!" என்றாள்.

நசார் அவள் கை காட்டிய பக்கம் திரும்பிப் பார்த்தார். மேலத்தெரு. மலையடிவாரத்தில் நீலக் கதவு போட்ட அண்ணன் வீடு. புகைபோக்கியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

"தெரியும்மா" என்றார். "இங்கேருந்து தினமும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

திரும்பி வரும் வழியில் ஜிபார் வாய்க்கால் பாலத்தில் நின்று வானத்தைப் பார்த்து, "பெரியவரே, இனிமே உங்க பாடு" என்றாள். அவள் யாரிடம் சொன்னாள் என்று அன்றைக்கு எனக்கே சந்தேகமாகிவிட்டது.

கிளம்பும் நாள் வந்தது. குதாய்பெர்கென் வீட்டு முற்றத்தில் நீளமாக விரிப்பு, அதன்மேல் மலைபோலப் பொரித்த ரொட்டித் துண்டுகள், உலர்ந்த ஆப்ரிகாட் பழம், கொதித்துக்கொண்டிருந்த நசார் வீட்டு சமோவார். வாசலில் பஸ். ஊரில் ஓர் ஆள் மிச்சமில்லை. பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்திருந்தார்கள், ஐயாயிரம் பேர் இருக்கும். சரி, நூற்றைம்பது. இமாம் ஓர் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். துவா ஓதுவதாக இல்லை. வெள்ளை உடையில் குதாய்பெர்கென் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடியிருந்தார். கடைசி அரை மணி நேரத்தையும் கடவுளுக்கே ஒதுக்கியிருந்தார். காதுக் கருவி வழக்கம்போலச் சர்க்கரைக் கிண்ணத்தில்.

"இன்னும் ஒண்ணும் சொல்லலையா?" என்று நாற்காலியைத் தட்டிச் சைகையால் கேட்டேன்.

உதட்டைப் பிதுக்கினார். முதல் தடவையாக அவர் முகத்தில் ஒரு பயம் தெரிந்தது. தனிப் பிரியம் வைத்திருப்பவர் இப்படியா கடைசி நிமிஷம்வரை இழுத்தடிப்பார்?

அப்போது கூட்டம் விலகியது. நசார் வந்தார். பதினோரு வருஷத்தில் முதல் முறையாக அந்த நீலக் கதவைத் தாண்டி. கையில் ஒரு தட்டு, தட்டின்மேல் வெள்ளைத் துணி. நேராக அண்ணன் முன்னால் வந்து நின்று துணியை விலக்கினார். ஆவி பறக்கும் இடுப்பெலும்பு. அந்தக் கொழுத்த செம்மறியுடையது.

பிறகு பேசினார். அப்படி ஒரு பேச்சை இந்தப் பள்ளத்தாக்கு கேட்டதில்லை. செத்த அப்பாவை அழைத்தார். இருவரும் ஒரே குதிரையில் பள்ளிக்கூடம் போனதைச் சொன்னார். தொப்பியை மன்னித்தார். மாட்டு டாக்டரைச் சபித்தார். பெண்கள் எல்லோரும் அழுதார்கள். பஸ் டிரைவர் அழுதான். கடைசியில், "அண்ணே, நீ கூப்பிட்டதெல்லாம் எனக்கு இப்பத்தான் தெரிஞ்சுது" என்று முடித்தார்.

குதாய்பெர்கென் அவர் வாயையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஜிபாரிடம் திரும்பி, "என்ன சொல்றான் இவன்?" என்றார்.

ஜிபார் சர்க்கரைக் கிண்ணத்துக்கு ஓடினாள். கருவியைத் துடைத்து அவர் காதில் வைத்தாள். அதில் இரண்டு சர்க்கரைத் துணுக்கு ஒட்டியிருந்தது.

"இப்போ சொல்லு" என்றார் அண்ணன்.

முழுவதையும் மறுபடி சொல்ல யாரால் முடியும்? இரண்டாம் தடவை பேச்சு சுருங்கிப்போனது, கொஞ்சம் எரிச்சலும் ஏறியிருந்தது. "தினம் அஞ்சு தடவை கூப்பிட்டியாம்ல! என் லைன் செத்துப்போயிருந்துச்சு! அதைச் சொல்லத்தான் வந்தேன்! இந்தா, எலும்பு!"

"நானா? அஞ்சு தடவையா? நான் எங்கே..."

நசார் நீட்டியிருந்த தட்டைப் பாதி பின்னுக்கு இழுத்தார்.

குதாய்பெர்கென் மெதுவாக மருமகள் பக்கம் திரும்பினார். "யாரு கூப்பிட்டதா நீ சொன்னே?"

ஜிபாரின் முகம் தக்காளி ஆகிவிட்டது. தலையை நிமிர்த்தவில்லை. "பெரியவர் கூப்பிடறார்னு சொன்னேன். இமாம் பேசினதைச் சொன்னேன். தினம் அஞ்சு தடவைன்னு."

"எந்தப் பெரி..."

பாதியில் நின்றுவிட்டார். பன்னிரண்டு வருஷமாக அவளோடு ஒரே வீட்டில் இருப்பவர். சாக்ஸ் தேடுகிற பெரியவர் எது, மழை கொடுக்கிற பெரியவர் எது என்று அவருக்குத் தெரியாதா? அவர் முகத்தை நான் உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெரிய எக்ஸ்சேஞ்சில் வரிசையாக விளக்கு எரிகிற மாதிரி இருந்தது. இமாமைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். பன்னிரண்டு நாளாக உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தடவிப் பார்த்தார்.

ஹஜ்ஜுக்குக் கிளம்புகிற மனிதர் பொய் சொல்ல முடியாது. உண்மையைச் சொன்னால் எலும்பு திரும்பிப் போகும். ஜிபார் மூச்சு விடவில்லை. நான் விட்டேனா என்று நினைவில்லை.

"கூப்பிட்டது நிஜம்தான்" என்றார் குதாய்பெர்கென் கடைசியில். "தினம் அஞ்சு தடவை. பதினோரு வருஷமும்."

"எனக்குக் கேக்கவே இல்ல, அண்ணே!"

"எடுக்காதது நீ மட்டும் இல்லடா. நானும்தான்."

"உன் லைனும் செத்துப்போச்சா?"

"ஆமா" என்று காதிலிருந்த கருவியைத் தொட்டார். "என்னுதை யாரும் அறுக்கல. நானே கழட்டி வெச்சிருந்தேன்."

நசாருக்கு இது விளங்கவில்லை. விளங்கவேண்டிய அவசியமும் இல்லை. அண்ணன் எழுந்து நின்று, "நான் போறேன். எலும்பை நான் வைக்கல. எறிஞ்சேன். மனசார அனுப்பிவை" என்றார். இவ்வளவுதான். பதினோரு வருஷமாக எல்லோரும் எதிர்பார்த்தது இந்த ஒரு சொல்தான்: எறிஞ்சேன்.

"போயிட்டு வா" என்றார் நசார். அண்ணன் கத்தியை எடுத்து இடுப்பெலும்பிலிருந்து நல்ல கொழுப்பாக ஒரு துண்டை அறுத்து, தன் கையாலேயே தம்பியின் வாயில் ஊட்டினார். துண்டு பெரிது, தம்பி திணறினார், இமாம் முதுகில் தட்டினார். தட்டிய கையோடு துவாவும் ஓதினார். அவ்வளவு உருக்கமான துவாவை நான் கேட்டதே இல்லை, நசாரின் இருமல் நடுநடுவே வந்தாலும்.

பஸ் ஏறும் முன் குதாய்பெர்கென் மருமகளை அருகே கூப்பிட்டார். "நல்ல சேதி சொன்னே" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா கொஞ்சம் சீக்கிரமே எங்கிட்டயும் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேனே, பெரியவரே. பாத்திரம் கழுவும்போது தினமும் சொன்னேன்."

ஏறும்போது தம்பியின் செல் நம்பரை வாங்கிக்கொண்டார். நான்தான் அவருடைய போனில் பதிந்து கொடுத்தேன். தம்பியின் போனில் அண்ணனைப் பதிந்ததும் நானே. என்ன பெயர் போட்டேன் என்று சொல்லவேண்டியதில்லை.

இப்போது மூன்று வாரம் ஆகிறது. இன்று மதியம் நசார் வந்தார். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. என் படிக்கட்டில் அதே இடத்தில் உட்கார்ந்தார்.

"அக்கா, தினம் அஞ்சு தடவை கூப்பிடறார்."

"யாரு?"

"அண்ணன்தான்! அங்கேருந்தே நம்ம ஊர்த் தொழுகை நேரத்தைக் கணக்குப் பாத்து எனக்குப் போன். ஒவ்வொரு வேளையும். சாப்பிட்டியா, தொழுதியா, மாட்டுக்குத் தண்ணி காட்டினியா. எடுக்கலைன்னா திரும்பத் திரும்ப அடிக்கிறார். அவர் சலிச்சுக்கறதே இல்ல, அக்கா. நேத்து புல்லு அறுக்கற நேரத்துல அடிச்சார், எடுக்கல. உடனே சோனுனுக்குப் போட்டார்."

"உனக்கு வேண்டியதுதானே இது?"

"வேண்டியதுதான். இல்லைன்னு சொல்லல." அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உனக்குத்தான் கம்பி, கம்பம் எல்லாம் தெரியும். லைன் செத்துப்போச்சுன்னு ஒரு வார்த்தை அவர்கிட்ட சொல்லிடேன். ஒரு வாரத்துக்கு மட்டும். புல்லு அறுத்து முடிக்கற வரைக்கும்."

நான் சிரித்த சிரிப்பில் முற்றத்துக் கோழிகள் வேலி தாண்டிப் பறந்தன. பதில் சொல்வதற்குள் அவர் சட்டைப்பைக்குள் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். திரையில் 'பெரியவர்' என்று ஒளிர்ந்தது. அதே நேரம் பள்ளிவாசலிலிருந்து மதியத் தொழுகைக்குக் கூப்பிடும் லுஹர் பாங்கும் ஒலிக்க ஆரம்பித்தது.

நசார் போனைப் பார்த்தார். பள்ளிவாசல் பக்கம் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"எதை எடுக்கறது?" என்றார்.

"எதையாவது எடுடா" என்றேன்.